மின்சாரக் காவலனின் குரல்



பல ஆண்டுகளாகச் சரித்திரமும் தமிழும் கற்பித்து, இன்று அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராயிருக்கும் ஒருவன், மின்சாரக் கருவி ஒன்றைப் பற்றிப் பேச வருவது உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். விஞ்ஞானம் நான் பட்டம் பெற்ற துறையன்று. ஆயினும் சென்ற மாரிகாலத்தில் எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் என்னை இந்த வயதில் மீண்டும் மாணாக்கனாக்கிற்று. அன்று ஒரு தலையசைப்பினால் நான் செய்திருக்கக்கூடிய பிழையை எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகின்றது. அந்தப் பிழையை வேறெவரும் செய்யலாகாது என்ற எண்ணமே இப்பேச்சுக்குக் காரணமாயிற்று.

எங்கள் பாடசாலையின் மின் பலகையில் நம் நாட்டு மக்கள் ‘ட்ரிப் சுவிச்’ என்று வழங்கும் கருவி ஒன்று உண்டு. பாடநூல்கள் அதனை மீதியோட்டச் சுற்றுடைப்பான் என்று கூறும். மழை தொடங்கிய வாரத்திலிருந்து, காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அது ‘டக்’ என்ற ஒலியுடன் கீழே விழுந்துவிடும். மணி ஒலிக்காது, காரியாலயம் இருளும், தவணைப் பரீட்சைக்கான வினாத்தாள்கள் அச்சுப் பொறியிற் பாதியில் நிற்கும். மேலே தூக்கிவிட்டால் சில வேளை நிற்கும். சில வேளை உடனே விழும். இவ்வாறு ஐந்து நாட்கள் சென்றன. ஆறாம் நாள் மின்வேலை தெரிந்த ஒருவரை அழைப்பித்தேன். அவர் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, இந்தக் கருவி சும்மா சும்மா விழுகின்றது. இதனைக் கழற்றிவிட்டுக் கம்பிகளை நேரே பொருத்திவிடுகின்றேன். பிறகு ஒரு தொல்லையும் இராது.”

நேயர்களே, உண்மையைச் சொல்லுகின்றேன். எனக்கு அச்சொல் இனிமையாகவே இருந்தது. மறுநாட் காலையிற் செய்யலாம் என்று கூறி அவரை அனுப்பினேன். அன்று மாலை தற்செயலாக என்னைக் காண வந்தான் எனது பழைய மாணாக்கன் ஒருவன். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், தரித்து நிற்கும் விமானங்களுக்கு மின்சாரம் வழங்கும் கருவிகளைப் பராமரிப்பது அவன் தொழில். நிகழ்ந்ததைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. “ஐயா, ஒரு நாள் மட்டும் பொறுங்கள். அந்தக் கருவி பொய் சொல்லுகின்றதா, மெய் சொல்லுகின்றதா என்று நான் பார்த்துச் சொல்லுகின்றேன்” என்றான். அன்றிரவு விறாந்தையில் அமர்ந்து அவன் எனக்கு நடத்திய பாடத்தையே இப்போது உங்களுக்கு ஒப்புவிக்க விழைகின்றேன்.

முதலில் மனித உடலையும் மின்சாரத்தையும் பற்றிய சில உண்மைகளைக் காண்போம். நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தம் உடையது. அது ஆறு போல் ஒரே திசையில் ஓடுவதன்று. ஊஞ்சல் போல் முன்னும் பின்னும் ஆடுவது. ஒரு செக்கனுக்கு 50 முறை இந்த ஆட்டம் நிகழ்கின்றது. இவ்வெண்ணிக்கையை விஞ்ஞானிகள் மீடிறன் என்பர்; அதன் அலகு ஹேர்ட்ஸ். ஆகவே நம் நாட்டு மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ் ஆகும்.

ஓடும் மின்சாரத்தின் அளவை அம்பியரில் அளப்பார்கள். அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லியம்பியர். அமெரிக்காவிலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் சாள்ஸ் டால்சீல் என்னும் பேராசிரியர் இருந்தார். 1940களில் அவர் தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். கையிற் பிடித்த கம்பியில் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, எந்த அளவு வரையில் ஒருவர் தம் விருப்பப்படி கையை விடுவிக்க இயலும் என்பதே வினா. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியம்பியர்; பெண்களுக்கு 10.5 மில்லியம்பியர். அதற்கு மேற்பட்டால் கைத்தசை இறுகிவிடும். கம்பியை விட வேண்டும் என்று அறிவு கூவினாலும் கை கேளாது. மின்சாரம் மனிதனைப் பிடித்துக்கொண்டது என்று நம்மவர் சொல்வதன் பொருள் இதுவே. உண்மையில் பிடித்துக்கொள்வது அவனுடைய சொந்தக் கையே. மின்சாரம் இன்னும் கூடி நெஞ்சினூடாகச் சென்றால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

“உருகி இருக்கின்றதே, அது காப்பாற்றாதா?” என்று நான் கேட்டேன். அவன் சிரித்தான். உருகி காப்பது கம்பியை, மனிதனையன்று. 13 அம்பியர் உருகி எரிய 13 அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் வேண்டும். மனிதனைக் கொல்ல அம்பியரில் ஒரு சிறு பகுதியே போதும். ஒருவர் உயிர் துறந்து கிடப்பார். உருகியோ எதுவும் நடவாதது போல் இருக்கும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே நாம் பேசும் காவலன். தென்னாபிரிக்காவின் பொற்சுரங்கங்களில் மின்னதிர்ச்சி பெருங்கவலையாக இருந்தது. அங்கே ஹென்றி ரூபின் என்னும் பொறியியலாளர் 1955இல் 250 மில்லியம்பியர் கசிவை உணரும் கருவியை அமைத்தார். அதற்கு முன்பிருந்த இவ்வகைக் கருவிகள் 10 அம்பியர் அளவிலேயே கசிவை உணர்ந்தன என்றால் அவர் எடுத்துவைத்த அடி எத்துணைப் பெரிது என்பது விளங்கும். 250 மில்லியம்பியரும் மனிதனுக்கு மிகுதி என்று கண்டு, 1956இல் 20 மில்லியம்பியருக்கும் குறைந்த கசிவையே உணர்ந்து விழும் கருவியை ஆக்கினார். ஸ்ரில்பொன்ரீன் என்ற சுரங்க ஊரின் இல்லங்களில் அவ்வகைக் கருவிகள் சில நூறு பொருத்தப்பட்டன. பின்னர் 1960களில், கையை விடுவிக்கும் அளவைக் கண்டறிந்த அதே டால்சீல் அமெரிக்க வீடுகளுக்காக 5 மில்லியம்பியரில் விழும் கருவியை உருவாக்கினார். நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 30 மில்லியம்பியருக்கு அமைந்தவை.

இக்கருவி வேலை செய்யும் முறையை என் மாணாக்கன் எனக்கேற்ற உவமையாற் சொன்னான். “ஐயா, சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது வாசலில் நின்று எண்ணுவீர்கள் அல்லவா? நாற்பது பேர் போனார்கள். திரும்பும்போது முப்பத்தொன்பது பேர் என்றால் ஒரு பிள்ளை எங்கோ வழி தவறியது என்று தெரிந்துகொள்வீர்கள். கருவி செய்வதும் அதுவே.” வீட்டுக்குள் செல்லும் மின்சாரம் ஒரு கம்பியாற் சென்று மறு கம்பியால் மீள்கின்றது. அவ்விரு கம்பிகளையும் காந்தத் தன்மையுள்ள ஒரு வளையத்தினூடாகச் செலுத்துகின்றனர். போனதும் மீண்டதும் சமமாயின் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும்; வளையம் உறங்கும். போனதில் ஒரு பகுதி மனிதனின் உடல் வழியாக நிலத்துக்குச் சென்றுவிட்டால் சமன் கெடும்; வளையம் விழிக்கும்; அதிற் சுற்றிய வேறொரு சுருளில் மின்னோட்டம் பிறந்து பொறியைத் தட்டிவிடும்.

ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். உடலிற் பாயும் மின்சாரத்தைக் குறைப்பது இக்கருவியின் வேலையன்று. அது பாயும் நேரத்தைக் குறைப்பதே வேலை. 230 வோல்ற்றைத் தொட்ட ஒருவரின் உடற்றடை ஆயிரம் ஓம் என்றால் 230 மில்லியம்பியர் அவர் உடலிற் பாயத்தான் செய்யும். ஆனால் செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், அஃதாவது ஒரு செக்கனின் 0.04 பகுதிக்குள், கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இதயம் ஒருமுறை துடித்து முடிக்கும் முன்னரே ஆபத்து நீங்கிவிடும். உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்பது அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கே.

“இத்துணைச் சிறந்த காவலன் என்றால் எங்கள் பாடசாலையில் ஏன் காரணமின்றி விழுகின்றான்?” என்று வினவினேன். அப்போதுதான் அவன் தன் தொழிலின் கதையைத் தொடங்கினான்.

விமானத்தில் ஓடும் மின்சாரம் நம் வீட்டு மின்சாரம் போன்றதன்று. அதன் அழுத்தம் 115 வோல்ற்று. மீடிறனோ 400 ஹேர்ட்ஸ். நம்முடையதைப் போல் எட்டு மடங்கு விரைவாக அது ஆடுகின்றது. காரணம் பாரம். மீடிறன் கூடுமாயின் நிலைமாற்றிகளுக்கும் மோட்டர்களுக்கும் வேண்டிய இரும்பின் அளவு குறையும். அன்றியும் 50 ஹேர்ட்ஸில் ஒரு சாதாரண மோட்டர் நிமிடத்துக்கு 3000 சுழற்சிகளுக்கு மேற் செல்ல இயலாது. 400 ஹேர்ட்ஸில் 24,000 வரை செல்லலாம். சிறிய உடலிற் பெரிய வேலை. ஆகாயத்திற் சுமந்து செல்லும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்னும் என்பதால் விமானம் செய்வோர் இவ்வழியைத் தேர்ந்தனர். போயிங் 787 போன்ற புது விமானங்களில் 235 வோல்ற்று அழுத்தமும், இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப 360 முதல் 800 ஹேர்ட்ஸ் வரை மாறும் மீடிறனும் உள்ளன. விமானம் தரையில் நிற்கும்போது விமான நிலையமே அதற்கு 400 ஹேர்ட்ஸ் மின்சாரத்தைத் தடித்த கம்பிவடத்தின் மூலம் வழங்குகின்றது. மழையிலும் வெயிலிலும் அந்த வடத்தை இழுத்துச் சென்று விமானத்திற் சொருகுபவன் ஒரு தொழிலாளி. அவனைக் காப்பது எவ்வாறு என்பதே பிரச்சினை.

இங்கே இயற்கை ஒரு கையால் நன்மையும் மறு கையால் தீமையும் செய்கின்றது. நன்மை யாது? 50, 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் மனிதத் தசைக்கும் இதயத்துக்கும் மிகக் கொடியது. மீடிறன் கூடக் கூட இதயத்தைக் குலைப்பதற்கு மேலும் மேலும் மிகுந்த மின்சாரம் வேண்டும். ஆயிரம் ஹேர்ட்ஸில் 50 ஹேர்ட்ஸைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு வேண்டும் என்று சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் ஆவணம் கூறுகின்றது. ஆயினும் இதனைக் கேட்டு எவரும் துணிதல் ஆகாது. மீடிறன் கூடும்போது நம் தோல் காட்டும் தடை குறைகின்றது. ஆதலால் அதே அழுத்தத்தில் உடலுக்குட் புகும் மின்சாரம் கூடுகின்றது. தசையிறுக்கத்தைப் பொறுத்தவரை இதயத்துக்குக் கிடைக்கும் அளவு சலுகையும் இல்லை. உயர்ந்த மேடையில் நிற்பவன் கைத்தசை இறுகித் தவறி விழுந்தால், அவனைக் கொன்றது மின்சாரமா, மேடையா என்று விவாதிப்பதிற் பயனில்லை.

தீமை யாது? கம்பி ஒன்று நிலத்துக்கு அருகே செல்லும்போது, இரண்டுக்கும் இடையே காவலி நன்றாகவே இருந்தாலும், அவை இரண்டும் சேர்ந்து ஒரு கொள்ளளவியாக அமைந்துவிடுகின்றன. ஆடும் மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி அக்கொள்ளளவத்தின் வழியே சதா நிலத்துக்குச் சென்றுகொண்டிருக்கும். இதிற் பழுது ஒன்றுமில்லை. கம்பியின் இயல்பு அது. இந்தக் கசிவு மீடிறனுக்கு நேர்விகிதமானது; 400 ஹேர்ட்ஸில் 50 ஹேர்ட்ஸைப் போல் எட்டு மடங்கு. அவன் ஒரு தாளிற் கணக்கிட்டுக் காட்டினான். சில நூறு மீற்றர் நீளமான வடத்தில் எழக்கூடிய கொள்ளளவம் ஒரு மைக்கிரோபரட்டில் பத்தில் ஒன்று. 115 வோல்ற்றில், 50 ஹேர்ட்ஸில், அதன் வழியே கசிவது 4 மில்லியம்பியருக்கும் குறைவு. 400 ஹேர்ட்ஸிலோ 29 மில்லியம்பியர்! ஒருவரும் தொடவில்லை, ஒரு பழுதும் இல்லை, ஆயினும் 30 மில்லியம்பியருக்கு அமைந்த காவலன் விழும் விளிம்பில் நிற்கின்றான். உண்மையில் இக்கருவிகள் குறித்த அளவின் பாதிக்கு மேல் எந்த இடத்திலும் விழலாம் என்பதே நியமம்; 15 மில்லியம்பியர் வரை மட்டுமே அவை விழாமல் நிற்கக் கடமைப்பட்டவை.

மூன்று கம்பிகளில் வரும் மூவவத்தை மின்சாரமாயின் மூன்றின் கசிவும் சமமாக இருக்கும்வரை ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் முற்றிலும் சமமான சுமையும் சமமான வடமும் நடைமுறையில் அரிது. அன்றியும் 50 ஹேர்ட்ஸுக்கென இசைவாக்கிய கருவியை 400 ஹேர்ட்ஸிற் பொருத்தினால் அது கூறிய அளவில் விழும் என்ற உறுதி இல்லை. வேண்டாதபோது விழலாம், வேண்டியபோது விழாதிருக்கலாம். இரண்டாவது முதலாவதைவிடக் கொடியது.

“அப்படியானால் நிலத்தோடு தொடர்பே இல்லாமல் வலையமைப்பைத் தனித்து வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன். கேள்வி நன்று என்று மாணாக்கனிடம் பாராட்டுப் பெற்றேன். தனித்த வலையமைப்பில் ஒரு கம்பியைத் தொட்டவனுக்கு மின்சாரம் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆகவே ஆபத்தில்லை என்று தோன்றும். கப்பல்களிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் இம்முறை உண்டு. ஆனால் உயர் மீடிறனில் அந்தக் கொள்ளளவமே திரும்பிச் செல்லும் வழியாகிவிடுகின்றது. ஒவ்வொரு கம்பிக்கும் முன்சொன்ன அளவு கொள்ளளவம் இருக்குமாயின், ஆயிரம் ஓம் உடற்றடையுள்ளவன் ஒரு கம்பியைத் தொட்டால் 50 ஹேர்ட்ஸில் அவனுடலிற் பாய்வது 11 மில்லியம்பியர் அளவே; 400 ஹேர்ட்ஸிலோ 70ஐ அண்மிவிடும். தனிமை தந்த காப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இவ்விடரை வெல்லப் பொறியியலாளர் பல வழிகளைக் கண்டுள்ளனர். அவற்றை நான் விளங்கிக்கொண்ட வரையிற் கூறுகின்றேன்.

முதலாவது வழி, அழுத்தத்தையே குறைத்துவிடுதல். கொங்கிறீற்றை அதிரச் செய்து இறுக்கும் கருவிகளுள் 200 ஹேர்ட்ஸில் ஓடும் வகையொன்று உண்டு. ஈரச் சீமெந்தில் நிற்பவன் கையில் அது இருப்பதால், அதற்கு 42 வோல்ற்று மட்டுமே கொடுக்கின்றனர்.

இரண்டாவது வழி, வலையமைப்பைச் சிறிதாக வைத்தல். பெரிய வலையமைப்பு ஒன்றுக்குப் பதிலாக ஒவ்வொரு விமானத் தரிப்பிடத்துக்கும் தனித்தனி மாற்றி, குறுகிய வடம், தனிக் காவலன். கம்பி குறுகினாற் கொள்ளளவம் குறையும்; பொய்க் கசிவும் குறையும்.

மூன்றாவது வழி, கொள்ளளவக் கசிவுக்கு எதிரான திசையில் ஓட்டம் தரும் சுருள் ஒன்றை நிலத்துக்கும் வலையமைப்புக்கும் இடையே பொருத்தி, ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்தல். ஜேர்மனியரான பீற்றர்சன் முதலாம் உலக யுத்த காலத்தில் உயர் அழுத்தக் கம்பிகளுக்காகக் கண்ட உபாயம் இது. ஆனால் வலையமைப்பு நீண்டும் குறுகியும் மாறும்போது சுருளும் கூடவே மாறவேண்டும். மாறாதாயின் ஈடு கெடும்.

நான்காவது வழி, காவலனுக்கே பகுத்தறிவைப் புகட்டுதல். 50 ஹேர்ட்ஸ் வலையமைப்புகளிலும் இன்று மோட்டர்களின் வேகத்தை மாற்றும் இலத்திரனியற் கருவிகளால் உயர் மீடிறன் கசிவுகள் எழுகின்றன. அவற்றுக்கென ‘பி’ வகை என்ற காவலன் செய்யப்படுகின்றான். 400 ஹேர்ட்ஸ் கசிவாயின் குறித்த அளவின் 6 மடங்குக்குள்ளும், 1000 ஹேர்ட்ஸாயின் 14 மடங்குக்குள்ளும் அவன் விழுந்தாக வேண்டும் என்பது நியமம். அந்த 14 என்ற எண்ணை முன்னரே கேட்டோம் அல்லவா? இதயம் எவ்வளவு பொறுக்கும் என்று அளந்தவர்களின் எண்ணே, காவலன் எவ்வளவு பொறுக்கலாம் என்பதற்கும் எல்லையாயிற்று. மனித உடலை ஆராய்ந்தவனும் இயந்திரம் செய்தவனும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய சட்டம் இது.

இவை அனைத்துக்கும் மேலாக என் மனத்தைக் கவர்ந்தது விமானத்திற் சொருகும் அந்த வடத்தின் முனை. அதில் ஆறு ஊசிகள் உள்ளன. நான்கு பெரியவை மின்சாரத்தைச் சுமப்பவை. இரண்டு சிறியவை, குட்டையானவை. பெரிய ஊசிகள் முற்றாகப் பொருந்திய பின்னரே குட்டை ஊசிகள் பொருந்தும். அவை பொருந்தி அனுமதி கொடுத்த பின்னரே மின்சாரம் வரும். வடத்தைப் பிடுங்கும்போது குட்டை ஊசிகளே முதலிற் பிரியும். உடனே மின்சாரம் நின்றுவிடும். பெரிய ஊசிகள் வெளியே தெரியும்போது அவற்றில் உயிர் இராது. தொழிலாளி களைத்திருந்தாலும் மறந்திருந்தாலும் அந்த இரு குட்டை ஊசிகள் மறப்பதில்லை. மனிதன் மறப்பான் என்பதை முன்னரே எண்ணி மன்னித்துச் செய்த ஏற்பாடு அது.

“ஐயா, எங்கள் தொழிலில் முதலிற் கற்பிக்கப்படுவது ஒன்று உண்டு” என்று அவன் முடித்தான். “காவலன் அடிக்கடி பொய்யாகக் கூவினால் குற்றம் அவனை அங்கே வைத்த முறையில் இருக்கின்றது. முறையைத் திருத்த வேண்டும். அவனுடைய வாயை அடைத்தல் கூடாது. ஏனென்றால் பத்துப் பொய்க் குரலுக்குப் பின்னால் ஒரு மெய்க் குரல் ஒளிந்திருக்கும்.” புலி வருகின்றது என்று பலமுறை கூவிய இடைச்சிறுவன் கதையை நான் அவனுக்குக் கற்பித்திருக்கின்றேன். அக்கதையில் ஊரார் செய்த பிழையை அன்று நானே செய்யப் புறப்பட்டேன்.

மறுநாட் காலை அவன் பலகையின் முன் நின்றான். ஒவ்வொரு பகுதியாகத் துண்டித்து, கசிவை அளந்தான். முதலில் அகப்பட்டது கணினிக் கூடம். அங்கே 20 கணினிகள் உள்ளன. ஒவ்வொரு கணினியின் உள்ளேயும் மின்னிரைச்சலை நிலத்துக்கு அனுப்பும் சிறு கொள்ளளவிகள் இருக்கின்றன. விமான வடத்தின் கதைதான் இங்கும். பழுது இல்லை, ஆனாற் கசிவு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மில்லியம்பியரிலும் குறைவாகக் கசிந்தாலும் இருபதும் சேரும்போது காவலன் விளிம்புக்கு வந்துவிடுகின்றான். காலை எட்டு மணிக்கு மேல் கணினிகளை இயக்கும் நேரத்தில் அவன் விழுந்ததன் காரணம் இதுவே. “பொய்க் குரலைக் கண்டுவிட்டோம்” என்று நான் மகிழ்ந்தேன். அவன் மகிழவில்லை. கணினிகள் யாவற்றையும் துண்டித்த பின்னும் அளவுகருவியில் ஒரு கசிவு எஞ்சி நின்றது.

அதனைத் தேடிக்கொண்டு மழையில் நனைந்தவாறு கட்டடத்தின் பின்புறம் சென்றான். தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குச் செல்லும் கம்பியை ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. உறை போன கம்பி, ஈரமான இரும்புக் குழாயின் மீது கிடந்தது. அந்தக் குழாய் எங்கே செல்லுகின்றது தெரியுமா, நேயர்களே? ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் வரிசையாக நின்று கை கழுவும் குழாயடிக்குச் செல்லுகின்றது. குழாயின் நடுவே பிளாஸ்ரிக் துண்டொன்றைப் புகுத்தி எப்போதோ திருத்தியிருந்ததால், நிலத்தோடு நல்ல தொடர்பும் அதற்கு இருக்கவில்லை. காவலனைக் கழற்றிக் கம்பிகளை நேரே பொருத்தியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அவன் எனக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவுமில்லை. வெறுங்காலுடன் ஈரத்தில் நின்று குழாயைத் திறக்கும் ஒரு சிறு கையை நான் என் மனக்கண்ணாற் கண்டேன்.

அன்றே மோட்டரின் கம்பியை மாற்றினோம். கணினிக் கூடத்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காவலனைப் பொருத்துவித்தோம், மோட்டருக்கு வேறொருவன். விமான நிலையத்தின் இரண்டாவது வழி எங்கள் கிராமத்துப் பாடசாலைக்கும் பொருந்திற்று. இப்போது காரணமின்றி ஒருவனும் விழுவதில்லை; விழுந்தால் நாங்கள் காரணத்தைத் தேடுகின்றோம்.

நேயர்களே, உங்கள் இல்லங்களிலும் இக்காவலன் இருக்கின்றானா என்று பாருங்கள். இல்லையாயின் தகுதி பெற்ற மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பொருத்துவியுங்கள். இருந்தால் அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழுமாயின் அவன் விழித்திருக்கின்றான். விழாதாயின் உறங்கிவிட்டான், மாற்றவேண்டும். அவன் விழும்போது மீண்டும் மீண்டும் தூக்கிவிடுதல் கூடாது. எல்லாக் கருவிகளின் செருகிகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தால் எதனால் விழுகின்றான் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படியும் தெரியாதாயின் மின்வினைஞரை அழையுங்கள். இரு கம்பிகளையும் இரு கைகளாலும் பற்றியவனை இக்காவலனாற் காக்க இயலாது என்பதையும் மறவாதீர்கள். அப்போது போனதும் மீண்டதும் சமமாயிருப்பதால் அவன் கணக்கில் ஒரு பிள்ளையும் குறைவதில்லை. ஆகவே எச்சரிக்கை நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “சும்மா விழுகின்றது, கழற்றிவிடுவோம்” என்று எவரேனும் சொன்னால், ஒரு நாள் பொறுக்கும்படி கூறுங்கள். அந்த ஒரு நாட் பொறுமையை எனக்கு ஒரு பழைய மாணாக்கன் கற்றுத் தந்தான். அன்று குழாயடியிற் கை கழுவிய பிள்ளைகள் அதனை அறியமாட்டார்கள். அறிய வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் இன்றும் இடைவேளை மணி ஒலித்ததும் குழாயடிக்கு ஓடுகின்றார்கள்.